தொடாத டீ

பயிற்சி முடித்து முதல் பணியிடத்துக்குக் கிளம்பும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசினேன். முடித்ததும் உங்களில் ஒரு பெண் எழுந்து, "மேடம், இதுலேர்ந்து நாங்க என்ன செய்யணும்னு எடுத்துக்கிறது?" என்று கேட்டாள். மைக்கைச் சரிசெய்வதுபோல் சமாளித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. அதனால் அன்று சொன்ன ஒரு சம்பவத்தை மட்டும் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். என்ன எடுத்துக்கொள்வது என்று உங்களுக்குப் பிடிபட்டால் எனக்கும் தெரியப்படுத்துங்கள்.

உலகெங்கும் கொள்கை வகுப்பவர்கள் எதிர்கொள்ளும் சவால்களைப் பற்றி நீங்கள் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள். இடம்பெயர்வு, வேலையின்மை, சமூக நல்லிணக்கம், உள்நாட்டுப் பாதுகாப்பு என்று தனித்தனித் தலைப்புப் போட்டு, அடியில் கோடும் இழுத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது. வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அவை தனித்தனியாக வருவதில்லை என்று. எல்லாம் ஒரே ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு உங்கள் அலுவலக வாசலில் வந்து இறங்கும். யாரை முதலில் உள்ளே கூப்பிடுவது என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

நான் மதுரையில் கோட்டாட்சியராக இருந்தபோது ஒரு சித்திரை மாதம் அப்படி வந்து இறங்கின. பரவையைத் தாண்டி ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெரிய காய்கறி மண்டி. மூட்டை இறக்குவது, ஏற்றுவது எல்லாம் உள்ளூர் ஆட்கள். பாதிப்பேர் விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுப் பிள்ளைகள், கிணறு வற்றிய பிறகு மண்டிக்கு வந்தவர்கள். லோடுமேன்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர்களுக்குத் தலைவர் பாண்டி. குரல் பெரியது, கோபம் அதைவிடப் பெரியது. ஆனால் எதிரே பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தால் தோளில் கிடக்கும் துண்டைச் சரிசெய்துகொண்டுதான் பேச ஆரம்பிப்பார்.

மண்டி முதலாளி, அதற்கு முந்தைய வருஷம், பீகார் பக்கத்திலிருந்து கொஞ்சம் ஆட்களைக் கொண்டுவந்து மண்டிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் குடிவைத்திருந்தார். அவர்களுக்குக் கூலி குறைவு, சங்கம் கிடையாது, கோயில் கொடை என்று லீவு கேட்பதும் கிடையாது. அவர்களில் விவரமானவன் மனோஜ். அவன் ஒருவன்தான் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அந்தப் பெண் சுனிதா அப்போது நிறைமாதம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பதிந்து, பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இது எனக்கு அப்போது தெரியாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று ஒரு வீடியோ எல்லார் போனிலும் வந்தது. எந்த ஊரில் எடுத்ததோ தெரியாது. மறுநாள் மனோஜுடன் இருந்த ஒருவன், பள்ளிக்கூடத்துப் பக்கம் நின்ற ஒரு குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்திருக்கிறான். கூட்டம் கூடி அவனை அடித்துவிட்டது. அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ரீட்டா டீச்சர்தான் குறுக்கே விழுந்து அவனைப் பள்ளிக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். அடித்தவர்களில் லோடுமேன்கள் சிலரும் உண்டு. கோபம் வீடியோவினால் வந்ததா, கூலியினால் வந்ததா என்று கேட்டால், அடித்தவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்ஸ்பெக்டர் என் அறைக்கு வந்து உட்காராமலே பேசினார். "மேடம், அழகர் மலையிலேர்ந்து கெளம்பிட்டா என் ஸ்டேஷன்ல ஒரு போலீஸ் மிஞ்சாது. அவர் ஆத்துல எறங்கி, வண்டியூர் போயி, திரும்புற வரைக்கும் எல்லாரும் பந்தோபஸ்து. அந்தக் கொட்டகையை யார் பாத்துக்கிறது? ஒரு உசுரு போச்சுன்னா நீங்களும் நானும் பதில் சொல்லணும். பேசாம அம்புட்டுப் பேரையும் ரயில் ஏத்தி விட்ருவோம்." அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நல்ல மனிதர், பயந்துபோயிருந்தார்.

அன்று காலையிலிருந்தே எனக்குப் போன் மேல் போன். ஓர் உயரதிகாரி, வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர்கூடப் பயந்து ஊரைவிட்டுப் போகக்கூடாது, டிவியில் வந்தால் அசிங்கம் என்றார். இன்னொருவர், திருவிழா நேரத்தில் ஒரு கல்லெறிகூட இருக்கக்கூடாது, தேவைப்பட்டால் ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்றார். மூன்றாமவர், தக்காளி லாரிகள் வரிசையில் நிற்கின்றன, மண்டி ஒரு நாள்கூட நிற்கக்கூடாது என்றார். மூவருமே முடிக்கும்போது, "உங்க விவேகத்துக்கு விட்டுர்றோம்மா" என்று சொன்னார்கள். மேலே இருப்பவர்கள் விவேகம் என்ற சொல்லை எடுத்தால், பழி உங்கள் தலையில் என்று அர்த்தம். இந்த ஒன்றை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். அமைதிப் பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பினேன். இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் உதவியாளராகச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு ஒரு தாசில்தார் இருந்தார். காலையில் ஒன்று சொல்வார், மாலையில் அதற்கு நேர்மாறாகச் சொல்வார், இரண்டையும் சத்தியம்போலச் சொல்வார். அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எப்போதும் பலித்தது. பேச்சுவார்த்தைக்கு வருகிறவர்களுக்கு முதலில் டீ கொடு, முகத்தைப் பார்க்காதே, கிளாஸைப் பார் என்பார். நம் பக்கத்தில் மனஸ்தாபம் உள்ள வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள் அல்லவா. அதேபோல வழக்கோடு வருகிறவன் டீயைத் தொடமாட்டான். அவன் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டால் மனசு இறங்கிவிட்டது, பேனாவை எடுக்கலாம். கண்மாய்த் தகராறு, தேர் இழுக்கும் தகராறு, சுடுகாட்டுப் பாதை என்று எத்தனையோ கூட்டங்களில் நான் பார்த்தேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

கூட்டத்துக்கு பாண்டி ஏழெட்டுப் பேரோடு வந்தார். மனோஜ் இரண்டு பேரோடு வந்தான். முதலாளி வரவில்லை. கடையில் ஆள் இல்லை என்று கணக்குப்பிள்ளையை அனுப்பியிருந்தார். மொழிபெயர்க்க யார் என்று கேட்டேன். "எனக்கு இந்தி வரும் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். வந்தது. ஆனால் நான் நாலு வாக்கியம் பேசினால் அவர் நாலு சொல்லில் முடித்துவிடுவார். மனோஜ் எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்று தமிழில் சொன்னான். மண்டியில் அவன் முதலில் கற்றுக்கொண்ட சொல் அதுவாகத்தான் இருக்கும்.

பாண்டி எழுந்து, "அம்மா, ஒண்ணு அவிங்க இருக்கணும், இல்லாட்டி நாங்க இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க" என்றார். நான் சுற்றி வளைத்துப் பேசினேன். திருவிழா முடியும்வரையாவது அவர்கள் ஊருக்குப் போய்வரட்டும், பயணத்துக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்றேன். இன்ஸ்பெக்டர் அதைச் சுருக்கினார். அப்போது டீ வந்தது. மனோஜும் உடன் வந்தவர்களும் உடனே எடுத்துக் குடித்துவிட்டார்கள். பசி வேறு இருந்திருக்கும். மனோஜ் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது.

பாண்டி ஆட்களின் கிளாஸ்கள் அப்படியே இருந்தன. ஆடை படிந்துவிட்டது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது, இருந்தும் வீம்பு பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போகவேண்டியவர்கள் குடித்துவிட்டார்கள், அது போதாதா என்றும் தோன்றியது. மேஜைமேல் போன் மறுபடியும் அடித்தது. இருதரப்பும் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

மறுநாள் மதியம், ஒரு தனியார் கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கிய பேருந்து தகரக் கொட்டகை முன்னால் வந்து நின்றது. நானும் போயிருந்தேன். கொட்டகையில் யாரும் மூட்டை கட்டியிருக்கவில்லை. ஒருவன் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். மனோஜ் சிரித்த முகத்தோடு வந்து எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். இன்ஸ்பெக்டர் பேருந்தைக் காட்டி ஏதோ சொன்னார். அவன் சிரிப்பு அப்படியே நின்றது. சேரவேண்டிய கூலிப் பாக்கியைக்கூட வாங்காமல் ரயில் ஏறும்படி சொல்கிறார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் புரிகிறது என்பது எனக்கு அவன் முகத்தில் தெரிந்தது. உள்ளேயிருந்து சுனிதா, வாசல் தகரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள். அந்த வயிற்றை அப்போதுதான் பார்த்தேன்.

மனோஜ் போனில் யாரையோ கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் ரீட்டா டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். அவர் வடக்கே ஒரு கான்வென்டில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர். மனோஜும் அவரும் இந்தியில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு டீச்சர் என்னிடம் திரும்பினார்.

"மேடம், நேத்து நீங்க இவங்களுக்கு டீ குடுத்தீங்களாமே?"

"ஆமா."

"அவங்க ஊர்ல, வெரட்டணும்னு நெனைக்கிறவன உக்காரவச்சு டீ குடுக்க மாட்டாங்களாம். ஆபீஸர் அம்மா டீ குடுத்தாங்க, அப்ப இங்கயே இருக்கச் சொல்றாங்கன்னு நெனச்சிருக்கான். சந்தோஷத்துல ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டானாம்."

ஒரே அறை, ஒரே டீ. நான் ஒன்றைப் படித்தேன், அவன் நேரெதிராக இன்னொன்றைப் படித்திருக்கிறான். அதற்குள் பாண்டியும் ஆட்களோடு வந்துவிட்டார். இவர்கள் ஏறுகிறார்களா என்று பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பேருந்தையும் சுனிதாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது, எதுக்கு பஸ்ஸு?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் பாண்டி, நேத்து நீங்கதானே ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டீங்க? முடிவாயிடுச்சுல்ல?"

"எங்கம்மா முடிவாச்சு? நாங்க டீயத் தொடலயே. நீங்க பாக்கலயா?"

"பாத்தேன். ஏன் தொடலன்னு யாரு கண்டா?"

"மொதலாளி வராத கூட்டத்துல நாங்க எப்பிடிம்மா குடிக்கிறது? ஆளுக்கொரு கூலி பேசி எங்கள மோதவிட்டது அவரு. அவர உக்காரவச்சு, எல்லாத்துக்கும் ஒரே கூலின்னு சொல்லுங்கன்னு கேக்கத்தான் வந்தோம். நீங்க அவர் பேரையே எடுக்கல."

"அதை நீங்க வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். "சொல்லியிருக்கலாம். கோவத்துல இவிங்க போனாப் போகட்டும்னும் தோணுச்சு. பொய் சொல்லல. இப்ப இந்தப் புள்ளயப் பாத்தா என்ன சொல்றதுன்னு தெரியல." பிறகு கூட்டத்தைப் பார்த்து, யாரிடம் என்றில்லாமல், "ரெண்டு நாளு ரயில்ல இந்த வயித்தோட எப்பிடிப் போகும்?" என்றார்.

இன்ஸ்பெக்டர் என் காதருகே வந்து, "மேடம், பஸ்ஸைத் திருப்பி அனுப்புனா, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றார். ஏற்றி அனுப்பினால் வழியில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகலாம். இருக்கச் சொன்னால் கூட்டம் மறுபடி கூடலாம். இரண்டிலும் ஓர் உயிர் இருந்தது. நான் எந்தச் சட்டத்தையும் யோசிக்கவில்லை. ஓட்டுநரிடம் போய்வரச் சொல்லிவிட்டேன். பேருந்து காலியாகத் திரும்பியது. துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். குழப்பம் தாங்காமல், கண்ணெதிரே தெரிந்த ஆபத்து எதுவோ அதைத் தவிர்த்தேன். அவ்வளவுதான்.

அங்கிருந்து பாண்டி, மனோஜ், டீச்சர், நான் என்று நாலு பேரும் மண்டிக்கு நடந்தே போனோம். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். மூட்டைகளின்மேல் உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே கூலி என்று பேசினோம். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். அவரே டீ வரவழைத்தார். இந்த முறை எல்லோரும் குடித்தோம். பாண்டி குடிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நான் குடித்தேன்.

திருவிழா நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. லோடுமேன்கள் முறைபோட்டு அந்தக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். சுனிதாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இங்கே கதையை நிறுத்தினால் நான் கெட்டிக்காரி. பயிற்சி வகுப்பில் பலர் இந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள்.

முதலாளி அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியது ஏன் என்று சில மாதங்கள் கழித்துத் தெரிந்தது. ஒரே கூலி கொடுப்பதென்றால் இத்தனை ஆள் எதற்கு என்று கணக்குப் போட்டு, மூட்டை நகர்த்தும் பெல்ட் மெஷின் வாங்கிப் போட்டுவிட்டார். பாதிப்பேருக்கு வேலை போனது. இதில் உள்ளூர், வெளியூர் என்ற வித்தியாசம் எதுவும் அவர் பார்க்கவில்லை. மனோஜ் மனைவி குழந்தையோடு திருப்பூர் போனான். பாண்டி மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேன் ஆனார். அப்படியானால் நான் சொன்ன ஒரே கூலிதான் அவர்கள் பிழைப்பைக் கெடுத்ததா? அது இல்லாவிட்டாலும் மெஷின் வந்திருக்குமா? ஓய்வுபெற்ற பிறகு இதை யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுவதுதான் மிச்சம்.

போன மாதம் பாண்டி எனக்குப் போன் செய்தார். அவர் மகன் கார்த்தி, மண்டியில் இனி வேலை இல்லை என்றானதும், உசிலம்பட்டி ஆட்கள் நடத்தும் ஒரு முறுக்குக் கம்பெனிக்கு மகாராஷ்டிரா போயிருந்தான். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படி வடக்கே போய் முறுக்குச் சுட்டு விற்றுப் பிழைக்கிறார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

"அம்மா, நல்லாருக்கீகளா? ஒரு சந்தேகம் கேக்கணும். கார்த்தி இருக்கிற ஊர்ல வெளியாளுக எல்லாம் கெளம்புங்கன்னு சத்தம் போடுறாய்ங்களாம். இவிங்க ரூமுக்குக் கல்லு விட்டிருக்காய்ங்க. இப்ப அந்த ஊரு ஆபீஸரு எல்லாத்தையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காராம். பேச ஆரம்பிக்கல. டீ வந்துருச்சாம்."

"சரி."

"அவன் எனக்குப் போன் போட்டு, குடிக்கவா வேணாமான்னு கேக்குறான். நான் என்னம்மா சொல்றது?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த ஊரில் டீ குடித்தால் என்ன அர்த்தம்? இருக்கிறேன் என்றா, போகிறேன் என்றா? அந்த அதிகாரிக்கு எந்தத் தாசில்தார் என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறாரோ, அவர் கிளாஸைப் பார்க்கிறாரா, முகத்தைப் பார்க்கிறாரா, எனக்கு என்ன தெரியும். பணிக்காலம் முழுக்க இந்த வேலைதான் பார்த்தேன்.

"அம்மா, லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன் பாண்டி. குடிக்கிறதுக்கு முன்னாடி, என்ன முடிவுன்னு அந்த ஆபீஸர்கிட்ட கேக்கச் சொல்லுங்க."

"அவனுக்கு அந்தப் பாஷை வராதேம்மா. சரி சரின்னு மட்டும்தான் சொல்லத் தெரியும்" என்றார் பாண்டி.

அந்த ஊர் அதிகாரிக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். அவர் மேஜையிலும் அந்நேரம் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கும். அதை எடுப்பதற்கு முன், கார்த்தி பேசுகிற பாஷை தெரிந்த ஒருவரை எங்கிருந்தாவது தேடிக் கூட்டிவந்து, அவனிடம் இரண்டு வார்த்தை கேட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். அன்று எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றுமா என்று தெரியாமல்தான், போனைக் கையில் வைத்துக்கொண்டு பாண்டியும் நானும் காத்திருந்தோம்.